ஆளுமைக்கு மதிப்பெண்

நேர்காணல் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று கேட்பவர்கள் படிக்க வேண்டிய சோதனை ஒன்று 1935-இல் வெளியானது. பிலிப் ஹார்டாக், இ. சி. ரோட்ஸ் என்ற இருவர் பிரிட்டனில் நடக்கும் தேர்வுகளை ஆராய்ந்து எழுதிய நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. ஹார்டாக் டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1926-இல் இந்தியாவுக்கென ஏற்படுத்தப்பட்ட பணியாளர் தேர்வாணையத்தில் உறுப்பினராகவும் இருந்தார். அந்தச் சோதனையில் 16 வேட்பாளர்களை இரண்டு குழுக்கள் தனித்தனியே நேர்கண்டன. வேட்பாளர்களும் விதிமுறையும் இரண்டு குழுக்களுக்கும் ஒன்றுதான். முதல் குழு முதலிடம் கொடுத்தவருக்கு இரண்டாம் குழு 13-ஆம் இடம் கொடுத்தது. இரண்டாம் குழு முதலிடம் கொடுத்தவர் முதல் குழுவின் பட்டியலில் 11-ஆவதாக நின்றார். வேட்பாளரின் குணம் முகத்திலேயே எழுதியிருக்கிறது, அனுபவசாலிகள் பார்த்தவுடன் படித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை இதற்குப் பிறகு அப்படியே வைத்திருக்க முடியாது.

இந்தச் சோதனை நம்மை இரண்டு முடிவுகளுக்குக் கொண்டுவருகிறது. நேர்காணலுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை அளவோடு வைக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த அறைக்குள் வெளிப்படுவது பிறவிக் குணத்தைவிட, எங்கோ கற்றுப் பழகிய ஒரு நடைமுறை. ஆகவே அதை எல்லோருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் முடிவை நம் நாடு ஏற்றுக்கொண்டது. நீதிமன்றங்களும் ஆணையங்களும் பல பத்தாண்டுகள் போராடி நேர்காணலின் எடையைக் குறைத்தன. இரண்டாவது முடிவைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம். நேர்காணலை எதிர்கொள்ளும் திறமை சில வீடுகளிலும் சில பள்ளிகளிலும் தானாகக் கிடைத்தது. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. நேர்காணலின் இந்திய வரலாற்றைப் பார்க்கும்போது, விட்டுப்போன இந்தப் பாதிதான் முதலில் கண்ணில் படுகிறது.

நேர்காணலுக்கு முந்திய காலம் சிபாரிசின் காலம். கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர்பதவிகளுக்கு ஆளை நியமித்தவர்கள் அதன் இயக்குநர்கள். அவர்கள் பெயர் சொன்ன இளைஞர்களைப் பழக்குவதற்காக இங்கிலாந்தில் 1806-இல் ஒரு கல்லூரி தொடங்கியது; பின்னர் அது ஹெய்லிபரிக்கு இடம் மாறியது. கீழ்ப்பதவிகளிலும் இதே முறைதான் நடந்தது. சென்னை மாகாணத்தின் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், தலைமை எழுத்தரான சிரஸ்தார் பதவியில் ஒருவர் அமர்ந்தால், அவரைச் சுற்றித் தம்பியும் மைத்துனரும் மருமகனும் இடம் பிடித்துவிடுவார்கள். இது முற்றிப்போனதால்தான், மாவட்டத்துப் பதவிகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் கையில் சேர்ந்துவிடாமல் முக்கியச் சாதிகளிடையே பிரித்துக் கொடுக்கும்படி 1854-இல் வருவாய் வாரியம் கலெக்டர்களுக்கு நிலையாணை போட்டது. அதே 1854-இல்தான் லண்டனில் மெக்காலே குழு, இந்திய சிவில் பணிக்கு (ஐ.சி.எஸ்.) போட்டித் தேர்வு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

1855-இல் நடந்த முதல் போட்டித் தேர்வு எழுத்துத் திறனை நம்பிய தேர்வு. ஆனால் அதுவும் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் நிற்கவில்லை. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750 என்று மதிப்பெண் வைத்தவர்கள் சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375 வைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவனுக்கு என்ன தெரியுமோ அதுவே அறிவு என்று மதிப்பெண் அட்டவணை சொன்னது. இந்தியர் ஒருவர், சத்யேந்திரநாத் தாகூர், 1863-இல் தேறினார். அப்படியிருந்தும் எழுத்துத் தேர்வில் ஒரு நன்மை இருந்தது. பாடத்திட்டம் அச்சில் இருந்தது, என்ன படிக்க வேண்டும் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. அது தெரிந்துவிட்டால் கல்கத்தாவிலோ கும்பகோணத்திலோ ஒருவன் உட்கார்ந்து படித்துவிடலாம். நேர்காணலுக்கு அப்படி ஓர் அச்சிட்ட பாடத்திட்டம் ஒருநாளும் இருந்ததில்லை.

எழுத்துத் தேர்வு கதவைத் திறந்தவுடனே ஒரு புகாரும் எழுந்தது. தேர்வெழுதி வருகிறவர்கள் புத்தகப் புழுக்கள், குதிரை ஏறத் தெரியாதவர்கள், ஆளப் பிறந்தவர்களின் பண்பு இல்லாதவர்கள் என்று ஆங்கிலேயருக்குள்ளேயே பேச்சு கிளம்பியது. போட்டியில் வந்தவர்களைக் குறிக்க ‘காம்பெடிஷன் வாலா’ என்ற கேலிப் பெயரும் புழங்கியது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஸ்டான்லி லீத்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் சிவில் பணித் தேர்வை ஆராய்ந்த குழு, வேட்பாளரின் விழிப்பையும் அறிவுக் கூர்மையையும் அளக்க வாய்மொழித் தேர்வு வேண்டும் என்றது. போர் முடிந்தபின் அதற்கு 300 மதிப்பெண் வைத்தார்கள். ஐ.சி.எஸ். தேர்வுக்கும் அந்த வழக்கம் வந்தது. அந்தக் குழுவினரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பாடம் ஒப்பிக்கத் தெரிந்தவன் எல்லாம் நிர்வாகியாகிவிட மாட்டான் என்பது உண்மையே. ஆனால் காலத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால், பிறப்பை வைத்து ஆள் எடுப்பதைத் தடுத்த எழுத்துத் தேர்வுக்குப் பின்னால்தான் குணத்தை வைத்து ஆள் எடுக்கும் வாய்மொழித் தேர்வு வந்து சேர்ந்தது தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எந்தக் குணத்தைக் குணம் என்று கண்டுகொள்ளப் பழகியிருந்தார்களோ அதுவே அங்கே மதிப்பெண் பெற்றது.

சென்னை மாகாணத்தில் கதை சற்று வேறு விதமாகப் போயிற்று. அதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். இங்கே ‘யார் தேர்ந்தெடுக்கிறார்கள்’ என்ற கேள்வி ‘எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்’ என்ற கேள்விக்கு முன்பே எழுந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இலும் 1922-இலும் வகுப்புவாரி ஆணைகள் வந்தன. 1924-இல் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் கொண்டுவந்த 1927-ஆம் ஆண்டு ஆணை, 12 இடங்களைப் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என்று பங்கிட்டது. 1929-இல் சட்டம் இயற்றிச் சென்னைப் பணியாளர் தேர்வாணையத்தை உருவாக்கியபோது, இந்திய மாகாணங்களில் அப்படி ஓர் ஆணையம் வேறெங்கும் இல்லை. இன்று டி.என்.பி.எஸ்.சி. என்று நாம் அழைப்பது அதன் வாரிசு. அலுவலகத் தலைவர் தன் அறையில் தன் விருப்பப்படி ஆள் எடுக்கும் வழக்கத்திலிருந்து நியமனத்தைப் பிடுங்கி, பொதுவான ஓர் அமைப்பிடம் கொடுத்த பெரிய மாற்றம் அது. ஆனால் அந்த ஆணையமும் பல பதவிகளுக்கு வாய்மொழித் தேர்வை வைத்துக்கொண்டது. இடம் யாருக்கு எத்தனை என்பதை ஆணை சொன்னது. அந்த இடத்துக்குள் போட்டியிடும் இருவரில் யார் நன்றாகப் பேசப் பழகியவர் என்பதை எந்த ஆணையும் சமன் செய்யவில்லை.

விடுதலைக்குப் பின் ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். பணிகளுக்கு நேர்காணலில் 400 மதிப்பெண், ஐ.பி.எஸ். பணிக்கு 300 என்று இருந்தது. 1950-களின் பிற்பாதி வரை, அதில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் வாய்ப்பில்லை. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-இல் தேர்வுமுறை மாறியபோது நேர்காணல் 250 மதிப்பெண்ணாகச் சுருங்கியது. 1993-இல் அது 300 ஆனது, 2013-இல் 275 ஆனது. இப்போது மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 275. ஒரே மனித ஆளுமைக்கு நாற்பது ஆண்டுகளுக்குள் நாலு விலை. இந்த எண்கள் அறிவியலிலிருந்து பிறந்தவை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு காலத்திலும் யாரை உள்ளே விடுவது என்ற கவலைக்கேற்ப ஏறி இறங்கியவை அவை. 1980-இல் மண்டல் ஆணையத்தின் அறிக்கை இந்தக் கவலையின் மறுபக்கத்தைக் காட்டியது. ஒரே அறிவுள்ள இரண்டு பையன்களை அது கற்பனையாக முன்வைத்தது. நகரத்து வசதியான வீட்டில், நல்ல பள்ளியில், படித்த பெற்றோருடன் வளர்ந்தவன் மோகன். கிராமத்தில் எந்த உதவியுமில்லாமல் வளர்ந்தவன் லல்லு. போட்டி என்று வந்தால் மோகன் வெகுதூரம் முந்திப் போய்விடுவான் என்றது அறிக்கை. நேர்காணல் அறையில் அந்தத் தூரம் இன்னும் கூடும். எழுத்துத் தாளில் லல்லுவின் உடையும் உச்சரிப்பும் தயக்கமும் தெரியாது. அறைக்குள் முதலில் தெரிபவை அவைதான்.

நீதிமன்றங்கள் இதில் தலையிட்ட கதை தமிழ்நாட்டிலிருந்தே வலுப்பெற்றது என்று சொல்லலாம். 1970-71-ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான பெரியகருப்பன் வழக்கு வேலை நேர்காணல் பற்றியது அல்ல என்றாலும், அதில் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி எல்லா நேர்காணலுக்கும் பொருந்தும். அங்கே நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த தொண்டு, உடல்நிலை, பொதுத் திறமை, நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் மதிப்பிட வேண்டும் என்பது விதி. தேர்வுக் குழுக்களோ தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டிருந்தன. அது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லாத நேர்காணலுக்கு யாராலும் தயாராக முடியாது. தயாராக முடியாத தேர்வில், ஏற்கெனவே வீட்டிலிருந்து தயாராகி வந்தவனே ஜெயிப்பான். பத்தாண்டு கழித்து அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 150-க்கு 50 மதிப்பெண் நேர்காணலுக்கு வைத்ததையும், ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடமே ஒதுக்கியதையும் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 15 விழுக்காட்டுக்கு மேல் போவது தன்னிச்சையானது என்று கருதியது. 1985-இல் அசோக்குமார் யாதவ் வழக்கில் ஹரியானா அரசுப்பணித் தேர்வுக்கு 12.2 விழுக்காடு என்ற அளவைக் காட்டியது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு தன் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்காணலையே நீக்கிவிட்டது.

இதோடு பிரச்சினை முடிந்ததா என்றால், இல்லை. நீதிமன்றம் கை வைக்க முடிந்தது அரசின் நேர்காணலில்தான். 1991-க்குப் பிறகு படித்த இளைஞர்களுக்குப் பெருவாரியாக வேலை கொடுத்தது தனியார் துறை. சென்னையில் 2000-இல் டைடல் பார்க் திறந்தது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக நிறுவனங்கள் முளைத்தன. கல்லூரி வளாகத்துக்கே வந்து ஆள் எடுத்தார்கள். அங்கே குரூப் டிஸ்கஷன், டெக்னிக்கல் ரவுண்டு, எச்.ஆர். ரவுண்டு என்று பேச்சே தேர்வின் பெரும்பகுதி. 15 விழுக்காட்டு வரம்பு எதுவும் கிடையாது. 2005-இல் நாஸ்காமும் மெக்கின்சியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நாலில் ஒருவரே பன்னாட்டு வேலைக்குத் தகுதியானவர் என்றது. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளைக் குறை சொன்ன மேடைகள் எத்தனையோ. ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும் வாய்ப்பைப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒருமுறைகூடக் கொடுக்காதவர்கள், அந்தத் திறமை இல்லை என்று அவர்களைத் தள்ளுவது நியாயமல்ல. தமிழக அரசு 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கி, கல்லூரிப் படிப்போடு சேர்த்து வேலைத் திறன்களையும் கற்பிக்க முயன்றது காலம் கடந்து வந்த நல்ல திருத்தம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, பயிற்சி கொடுத்தால் நேர்காணலே பயனற்றுப் போகும் என்பது. எல்லோரும் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டால் நல்லவரை எப்படிப் பிரிப்பது, வேஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தெரியும் இந்த வாதத்துக்கு எதிரான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் காவல், தீயணைப்புத் துறைகளின் பதவி உயர்வு நேர்காணல்களை டாட் மௌரரும் உடனிருந்த ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். முன்கூட்டியே பயிற்சி பெற்றவர்கள் நேர்காணலில் மேலாகச் செய்ததோடு, அவர்களின் நேர்காணல் மதிப்பெண் உண்மையான வேலைத் திறனை இன்னும் சரியாகக் காட்டியது என்று 2008-இல் வந்த அவர்களது ஆய்வு சொல்கிறது. காரணம் எளிது. கேள்வி எதை எதிர்பார்க்கிறது என்று தெரியாமல் திணறுபவனிடம் திணறலைத்தான் அளக்கிறோம். அந்தக் குழப்பம் நீங்கிய பிறகே அவன் அறிவை அளக்க முடிகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இத்தனை குறையுள்ள நேர்காணலை ஒழித்துவிடுவதே நேர்மை அல்லவா? கிளார்க் வேலைக்கு ஒழித்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நோயாளியோடும் மனுதாரரோடும் மாணவரோடும் பேச வேண்டிய வேலைக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. அதோடு நேர்காணல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து மறுகணக்குப் போட்டார்கள். மனம்போன போக்கில் கேள்வி கேட்கும் நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.19. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, தலைப்புவாரியாக மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு அது 0.42, அவர்கள் ஒப்பிட்ட தேர்வுமுறைகளில் அதுவே முதலிடம். பெரியகருப்பன் வழக்கில் நீதிமன்றம் நியாயத்துக்காகக் கேட்டதை, அரை நூற்றாண்டு கழித்து ஆய்வு பயனுக்காகவும் கேட்கிறது. ஒழிக்க வேண்டியது மனம்போன போக்கை, நேர்காணலை அல்ல.

மூன்றாவது குறை பயிற்சி மையங்களைப் பற்றியது. அதை நானும் ஏற்கிறேன். எல்லோரும் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வருகிறார்கள். உன் பலவீனம் என்ன என்றால் நான் அதிகம் உழைப்பவன் என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள். இது கெட்ட பயிற்சி. நல்ல பயிற்சிக்கு ஆதாரம் கேள்விமுறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் பயிற்சியை ஆராய்ந்த ஜான் ஃபிளானகன், 1954-இல் ஒரு முறையை எழுதி வைத்தார்: ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கேட்காமல், உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அவர் என்ன செய்தார் என்று கேட்பது. 1980-களில் அமெரிக்க நிறுவனங்களின் நேர்காணல் இந்த அடிப்படையில் மாறத் தொடங்கியது. இன்று நம் ஊர் எச்.ஆர். ரவுண்டிலும் ‘நீங்கள் ஒரு சிக்கலைத் தீர்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று அதே கேள்விதான் வருகிறது. இதற்கு மனப்பாடம் உதவாது. என்ன சூழல், என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, கடைசியில் என்ன ஆயிற்று என்ற வரிசையில் தன் வாழ்க்கையிலிருந்தே சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் அம்மாவுக்குப் பதில் வரிசையில் நின்று தகராறைத் தீர்த்து வைத்தவளுக்கும், தெருவில் கோயில் திருவிழா வரவுசெலவைப் பார்த்தவனுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அவை சொல்லத் தகுந்தவை என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை என்பதுதான் குறை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று நேராகச் சொல்வது, கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்பது, பதிலை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது: இவை எல்லாம் சத்தமாகப் பேசிப் பேசியே வரும். படித்தால் மட்டும் வராது.

மொழியை இதில் தனியாகச் சொல்ல வேண்டும். 1979 முதல் மத்திய குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்; நேர்காணலையும் தமிழில் கொடுக்கலாம். அப்படித் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நேர்காணல் பயிற்சி என்றாலே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று கல்லூரிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. சிந்தனையை ஒழுங்குபடுத்திச் சொல்வதைத் தமிழில் பழகியவன் பிறகு ஆங்கிலத்துக்குப் போனால், அவன் கவனம் சொல்லின் மீது மட்டும் இருந்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால் இரண்டும் கெடும்.

கல்லூரி முதல்வர்களும் வேலைவாய்ப்பு அலுவலர்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். நிறுவனங்கள் வரும் மாதத்தில் மட்டும் நடத்தும் அவசரப் பயிற்சியை விட்டுவிட்டு, முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவரையும் மாதிரி நேர்காணலில் உட்கார வையுங்கள். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். ஆள் எடுப்பவர்களிடம் கேட்பது அதைவிடச் சிறிது: எந்தத் திறமைகளுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை நேர்காணலுக்கு முன்பே வேட்பாளருக்கு எழுதிக் கொடுங்கள்.